பள்ளிக் கதவைத் திறந்து வைத்த புரூடன்ஸ் கிராண்டல் அம்மையார்

உரிமை இழந்த மக்கள் தம் உரிமையைத் தாமே போராடிப் பெறுதல் வேண்டும் என்பது வரலாறு நமக்குக் கற்பித்த பாடமாகும். ஆயினும் அப்போராட்டத்தில், மறுபுறத்தே பிறந்தவர்களுள் சிலர் தம் இனத்தாரின் பகையைத் தேடிக்கொண்டும் நீதியின் பக்கம் வந்து நின்றதுண்டு. அத்தகையோர் சிலரே. அச்சிலருள்ளும் இறுதிவரை நிலைத்து நின்றவர் மிகச் சிலர். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கல்வியின் பொருட்டே துன்புற்ற அத்தகைய ஒருவரின் வாழ்வை நம் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பது பொருத்தமெனக் கருதுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திய புரூடன்ஸ் கிராண்டல் அம்மையாரே அவர்.

அம்மையார் நாடாண்டவர் அல்லர். படை நடத்தியவரும் அல்லர். சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. கறுப்பினப் பெண் ஒருத்தியைத் தம் பள்ளியில் சேர்த்துக்கொண்டார் என்பதே அவர்மீது ஊரார் சாட்டிய குற்றம். அதன் பொருட்டுச் சிறை புகுந்தார், நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டார், தம் பள்ளியையும் ஊரையும் இழந்தார். இன்றோ அம்மாநிலம் அவரைத் தன் மாநில வீராங்கனை என்று சட்டமன்றத்தின் வாயிலாகவே அறிவித்துப் போற்றுகின்றது.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1803ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள், ரோட் ஐலண்டு மாநிலத்தைச் சேர்ந்த ஹாப்கின்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பார்டன் கிராண்டல் ஓர் உழவர். அக்குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவ சமயப் பிரிவைச் சார்ந்தவர்கள். மனிதர் அனைவருள்ளும் இறையொளி உண்டென நம்பிய அப்பிரிவினர், அடிமை முறையை முதன்முதலில் எதிர்த்தோருள் ஒரு சாரார் ஆவர். ஆண்மக்களைப் போன்றே பெண்மக்களையும் படிக்க வைத்தல் வேண்டும் என்பதும் அவர்தம் கொள்கை.

புரூடன்சுக்குப் பத்து வயது இருக்கும்போது அக்குடும்பம் கனெக்டிகட் மாநிலத்தின் காண்டர்பரி என்னும் சிற்றூரில் குடியேறியது. பிராவிடன்ஸ் நகரில் குவேக்கர்கள் நடத்திய உறைவிடப் பள்ளியில் அவர் கல்வி பயின்றார். பின்னர் பிளெயின்பீல்டு என்னும் ஊரில் ஆசிரியப் பணி ஆற்றினார். அவரது திறமையைக் கேள்வியுற்ற காண்டர்பரிப் பெருமக்கள், தம் மகளிரின் கல்விக்காகத் தம் ஊரில் ஒரு பள்ளி தொடங்குமாறு அவரை வேண்டிக்கொண்டனர். அதனை ஏற்ற அம்மையார், கடன் பெற்று ஊர் நடுவே ஒரு பெரிய வீட்டை வாங்கி, தங்கை ஆல்மைராவின் துணையுடன் 1831ஆம் ஆண்டின் இறுதியில் மகளிர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார்.

வரலாறு, புவியியல், கணக்கு, இலக்கணம், வேதியியல், வானியல் முதலிய பாடங்கள் அங்குக் கற்பிக்கப்பட்டன. பெண்களுக்குத் தையலும் இசையும் போதும் என்று பலரும் எண்ணிய அந்நாளில் அது அரிய முயற்சியே ஆகும். ஓராண்டுக்குள் பள்ளி நற்பெயர் பெற்றது. ஊரார் பெருமை கொண்டனர். ஒரு வெள்ளையினப் பெண் அக்காலத்தில் அடையத்தக்க மதிப்பனைத்தையும் தம் இருபத்தெட்டாம் வயதிலேயே அம்மையார் அடைந்துவிட்டார் எனலாம்.

அந்நாளைய நிலை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறை கொடுமையாக நிலவிய காலம் அது. 1831ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வர்ஜீனியா மாநிலத்தில் நாட் டர்னர் என்பவரின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அதன்பின் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே குற்றமாக்கும் சட்டங்கள் தெற்கே மேலும் கடுமையாயின. எழுதப் படிக்கத் தெரிந்தவனை அடக்கி ஆள்வது அரிது என்பதை அடக்கி ஆள்வோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

வடக்கே நிலைமை வேறு என்று நாம் எண்ணிவிடுதல் கூடாது. கனெக்டிகட்டில் 1784ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமை முறை படிப்படியாகக் குறைந்து வந்தது. எனினும் அது முற்றாக ஒழிக்கப்பட்டது 1848இல்தான். 1818ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு வாக்குரிமையை வெள்ளையர்க்கே உரித்தாக்கியது. 1831ஆம் ஆண்டு நியூ ஹேவன் நகரில் கறுப்பின இளைஞர்க்கு ஒரு கல்லூரி அமைக்கும் திட்டம் ஊர்க்கூட்டத்தின் முன் வந்தபோது, ஏறத்தாழ எழுநூறு பேர் எதிர்த்தும் நால்வர் மட்டுமே ஆதரித்தும் வாக்களித்தனர். பெயரளவில் விடுதலை, வாழ்வில் விலக்கு என்பதே வடக்கின் நிலை.

அடிமை முறையை வெறுப்பதாகக் கூறியோருள்ளும் பலர், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் கொண்டுபோய்க் குடியேற்றிவிட வேண்டும் என்றனர். அதற்கென 1816இல் ஒரு கழகமே தோன்றியிருந்தது. தலைமுறை தலைமுறையாய் அம்மண்ணை உழுது வளப்படுத்திய மக்களை, அம்மண்ணுக்கு உரியவர் அல்லர் என்றனர்.

சாரா ஹாரிசின் வேண்டுகோள்

காண்டர்பரிக்கு அருகில் வில்லியம் ஹாரிஸ் என்னும் கறுப்பின உழவர் தம் குடும்பத்துடன் வாழ்ந்து வந்தார். அவர்தம் மகள் சாராவுக்கு அப்போது வயது இருபது. ஊர்த் தொடக்கப் பள்ளியில் வெள்ளையினச் சிறுமியருடன் அமர்ந்து படித்தவர். மேலும் கல்வி கற்று, தம் இனத்துக் குழந்தைகளுக்கு ஆசிரியை ஆதல் வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. 1832ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் அம்மையாரை அணுகி, நாள்தோறும் வீட்டிலிருந்து வந்து படித்துச் செல்ல இடம் தருமாறு கேட்டார். அதனால் அம்மையாருக்கு இடர் நேருமாயின் தாம் வற்புறுத்தப் போவதில்லை என்பதையும் தெரிவித்தார்.

அம்மையார் உடனே இசைந்துவிடவில்லை. ஆராய்ந்து சொல்வதாகக் கூறினார். அவர்தம் வீட்டுப் பணியில் மரையா டேவிஸ் என்னும் கறுப்பினப் பெண் இருந்தார். சாராவின் தமையனை மணக்கவிருந்தவர் அவர். பாஸ்டன் நகரில் வில்லியம் லாயிட் காரிசன் 1831ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று தொடங்கிய 'லிபரேட்டர்' என்னும் அடிமை ஒழிப்பு இதழை, மரையாதான் அம்மையாருக்குப் படிக்கக் கொடுத்து வந்தார். அதுவரை தாம் அறிந்திராத ஓர் உலகை அம்மையார் அவ்விதழில் கண்டார். விவிலியத்தைத் திறந்தபோது, ஒடுக்கப்பட்டோர் வடிக்கும் கண்ணீரையும் அவர்களைத் தேற்றுவார் இல்லாமையையும் பற்றிய பகுதி கண்ணிற்பட்டதென்று அவரே பின்னாளில் எழுதியுள்ளார். அதன்பின் அவர் தயங்கவில்லை. சாரா பள்ளியில் சேர்க்கப்பட்டார்.

ஈண்டு ஒன்றை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இவ்வரலாற்றைத் தொடங்கி வைத்தவர்கள் இரண்டு கறுப்பினப் பெண்கள். ஒருவர் கல்வி கேட்டார். மற்றொருவர் இதழ் கொடுத்தார். அம்மையாரின் பெருமை, கேட்ட குரலுக்குச் செவி சாய்த்ததில் உள்ளது. வீட்டு வேலை செய்யும் பெண் தரும் தாளை வாங்கிப் படித்து, அதனால் தம் அறிவைத் திருத்திக்கொள்ளும் பணிவு எத்தனை தலைமையாசிரியர்களுக்கு வாய்க்கும்?

பள்ளி மாறியது

சாரா வகுப்பறையில் வந்தமர்ந்த சின்னாட்களில் ஊர் கொதித்தெழுந்தது. அவரை நீக்காவிடில் பள்ளி மூழ்கிவிடும் என்று ஒரு பாதிரியாரின் மனைவியார் எச்சரித்தார். மூழ்கினும் மூழ்கட்டும், அப்பெண்ணை வெளியேற்றுவதற்கில்லை என்பதே அம்மையாரின் விடை. பெற்றோர் தம் மகளிரைப் பள்ளியினின்றும் நிறுத்தத் தொடங்கினர்.

பிறராயின் இந்நிலையில் வருந்தி மன்னிப்புக் கோரியிருப்பர். அல்லது பள்ளியை மூடியிருப்பர். அம்மையார் மூன்றாவது வழியைக் கண்டார். 1833ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் காரிசனுக்குக் கடிதம் எழுதி, பின்னர் பாஸ்டன் சென்று அவரைக் கண்டு கலந்து பேசினார். பிராவிடன்ஸ், நியூயார்க் நகரங்களில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பத்தாரையும் சந்தித்தார். திரும்பி வந்ததும், எஞ்சியிருந்த வெள்ளையின மாணவியரை அனுப்பிவிட்டு, இனிக் கறுப்பின மகளிர்க்கே இப்பள்ளி என்று அறிவித்தார். மார்ச்சு 2ஆம் நாளைய 'லிபரேட்டர்' இதழில் அதற்கான விளம்பரம் வெளியாயிற்று.

ஊர்ப் பெரியவர் நால்வர் வந்து அறிவுரை கூறினர். மார்ச்சு 9ஆம் நாள் ஊர்க்கூட்டம் கூடிற்று. பெண் என்பதால் அம்மையாருக்கு அங்குப் பேச இடமில்லை. தம் சார்பில் பேசுமாறு புருக்ளின் என்னும் அண்டை ஊர்ப் பாதிரியார் சாமுவேல் மே அவர்களையும், அடிமை ஒழிப்புச் சங்கத்தைச் சார்ந்த ஆர்னால்டு பஃபம் அவர்களையும் அனுப்பினார். ஊரார் வீட்டை வாங்கிக்கொண்டால், ஊர் நடுவிலிருந்து விலகி ஒதுக்குப்புறமான இடத்திற்குப் பள்ளியை மாற்றவும் அவர் இசைந்திருந்தார். அதனைக் கேட்கவும் கூட்டத்தார்க்கு மனமில்லை. தூது வந்தவர் இருவரும் வாய் திறக்க விடப்படவில்லை.

எதிர்ப்பின் தலைவர் ஆண்ட்ரூ ஜட்சன் என்பவர். வழக்குரைஞர், அரசியல்வாதி, அம்மையாரின் அண்டை வீட்டார், பள்ளி தொடங்கத் துணை நின்றவர்களுள் ஒருவருங்கூட. கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் கொள்கையினர். அவர்கள் இந்நாட்டில் ஒருகாலும் உயர முடியாது, உயரவும் விடலாகாது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

ஊர் விலக்கு

1833ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் புதிய பள்ளி தொடங்கிற்று. முதலில் சிலரே வந்தனர். பின்னர் பாஸ்டன், பிராவிடன்ஸ், நியூயார்க், பிலடெல்பியா முதலிய நகரங்களிலிருந்தும் மாணவியர் வந்து சேர, எண்ணிக்கை ஏறத்தாழ இருபதாயிற்று. அதன்பின் அவ்வூரார் செய்தவற்றைப் படிக்கும்போது, இவை கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில் நிகழ்ந்தவை என்று நமக்குத் தோன்றாது.

கடைக்காரர்கள் பள்ளிக்குப் பொருள் விற்க மறுத்தனர். வண்டிக்காரர்கள் மாணவியரை ஏற்ற மறுத்தனர். மருத்துவர் நோய் பார்க்க வர மறுத்தார். எதிரே இருந்த தேவாலயத்தில் வழிபடவும் அவர்களுக்கு இடமில்லை. பள்ளிக் கிணற்றில் சாணமும் அழுக்கும் கொட்டப்பட்டன; வேறு கிணறுகளில் நீர் எடுக்கவும் தடை விதிக்கப்பட்டது. முதியவரான பார்டன் கிராண்டல், தம் பண்ணையிலிருந்து நாள்தோறும் குடிநீரைச் சுமந்து வந்து மகளின் பள்ளிக்குக் கொடுத்தார். கிணற்றை மறுத்தல் என்றால் என்னவென்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. தண்ணீர் சுமந்து வந்த அம்முதியவரின் தொண்டு எவ்வளவு பெரிது என்பதையும் நம்மவர் நன்குணர்வர்.

மாணவியர்மீதும் சட்டம் ஏவப்பட்டது. பிராவிடன்சிலிருந்து வந்த ஆன் எலைசா ஹாம்மண்ட் என்னும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு, பழைய நாடோடிச் சட்டத்தின்கீழ் ஆணை அனுப்பப்பட்டது. வெளியூரார் ஊரை விட்டு நீங்காவிடில் வாரந்தோறும் தண்டம் செலுத்த வேண்டும். செலுத்தத் தவறினால் பத்துக் கசையடி வரை கொடுக்கலாம் என்பது அச்சட்டம். அப்பெண் அடிபடவும் ஆயத்தமாயிருந்தாரேயன்றி ஊரை விட்டு நீங்க இசையவில்லை. மே அவர்களும் நண்பர்களும் பிணை கொடுத்ததன்மேல் அம்முயற்சி கைவிடப்பட்டது. வரலாற்று நூல்களில் அம்மையாருக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு பங்கு இம்மாணவியர்க்கும் உரியது. ஆசிரியையாவது தம் ஊரில் நின்றார். அவர்களோ தாய் தந்தையரைப் பிரிந்து, வெறுப்பு நிறைந்த அயலூரில், சன்னலுக்கு வெளியே கூச்சலும் கல்லெறியும் நிகழப் பாடம் படித்தவர்கள்.

கறுப்புச் சட்டமும் சிறையும்

பழைய சட்டம் பயன்படாமற் போகவே ஜட்சன் முதலானோர் புதுச் சட்டத்தை நாடினர். 1833ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் கனெக்டிகட் சட்டமன்றம், பிற மாநிலங்களைச் சேர்ந்த கறுப்பின மக்களுக்கு ஊராரின் எழுத்துவழி இசைவின்றிப் பள்ளி நடத்துவதையும் அவர்களுக்குக் கற்பிப்பதையும் தடை செய்தது. முதற்குற்றத்திற்கு நூறு டாலர், அடுத்ததற்கு இருநூறு, அதன்பின் ஒவ்வொரு முறையும் இரு மடங்கு எனத் தண்டம் வகுக்கப்பட்டது. கறுப்புச் சட்டம் என்றே வரலாற்றில் பெயர் பெற்ற அச்சட்டம் நிறைவேறிய செய்தி எட்டியதும், காண்டர்பரியில் மணியடித்தும் பீரங்கி முழக்கியும் கொண்டாடினர். கல்வியைத் தடுத்ததற்கு விழா எடுத்த ஊர் அது.

ஜூன் 27ஆம் நாள் அம்மையார் கைது செய்யப்பட்டார். பிணைத்தொகை சிறிதே, நண்பர்கள் எளிதில் கட்டியிருக்கலாம். ஆயினும் அம்மையாரும் மே அவர்களும் கலந்து பேசி, பிணை கட்டாதிருக்க முடிவு செய்தனர். கல்வி கற்பித்த ஒரு பெண்ணைச் சிறையிலிடும் சட்டம் எத்தன்மையது என்பதை நாடு கண்ணாரக் காணட்டும் என்பது அவர்தம் கருத்து. அதனை உணர்ந்த எதிரிகள், பிணை கட்டிவிடுமாறு தாமே மன்றாடினர் என்பர். அன்றிரவு முழுவதும் அம்மையார் சிறையில் இருந்தார். மறுநாள் வெளிவந்து பாடம் நடத்தினார். செய்தி நாடெங்கும் பரவிற்று.

நியூயார்க் வணிகர் ஆர்தர் டாப்பன் வழக்குச் செலவை ஏற்றுக்கொண்டார். உள்ளூர் ஏடுகள் அம்மையார் தரப்பை வெளியிட மறுத்தமையால், அதற்கென ஒரு செய்தித்தாள் தொடங்கவும் பொருள் உதவினார். வில்லியம் எல்ஸ்வொர்த் உள்ளிட்ட தேர்ந்த வழக்குரைஞர்கள் வாதாடினர். ஆகஸ்டுத் திங்களில் நடந்த முதல் விசாரணையில் நடுவர் குழு ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. அக்டோபரில் நடந்த இரண்டாம் விசாரணையில், மாநிலத் தலைமை நீதிபதி டேவிட் டாகெட், கறுப்பின மக்கள் அரசியலமைப்பின் பொருளில் குடிமக்கள் அல்லர் என்று நடுவர் குழுவுக்கு எடுத்துரைக்க, அம்மையார் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. இந்த டாகெட், நியூ ஹேவன் கல்லூரித் திட்டத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. மேல்முறையீட்டில், 1834ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், குற்றச்சாட்டு எழுதப்பட்ட முறையில் குறை உள்ளதெனக் கூறி உயர் மன்றம் வழக்கைத் தள்ளிற்று. குடியுரிமை பற்றிய அடிப்படை வினாவுக்கு அம்மன்றம் விடை கூறாமலே ஒதுங்கிக்கொண்டது.

இறுதி இரவு

சட்டத்தால் முடியாததை வன்முறையால் முடிக்கத் துணிந்தனர். அவ்வாண்டு சனவரியிலேயே பள்ளி வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. கடிகாரம் பழுது பார்க்க வந்த பிரெடரிக் ஆல்னி என்னும் கறுப்பினத்தவர்மீது அப்பழி சுமத்தப்பட்டு, பின்னர் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் நள்ளிரவில், தடிகளும் இரும்புக் கம்பிகளும் ஏந்திய கும்பல் வீட்டைச் சூழ்ந்து தாக்கிற்று. தொண்ணூறுக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் நொறுங்கின. உள்ளே சிறுமியர் நடுங்கியிருந்தனர்.

பொழுது விடிந்ததும் அம்மையார் ஒரு முடிவுக்கு வந்தார். சிறையும் தண்டமும் தம்மைச் சார்ந்தவை; அவற்றைத் தாம் தாங்கலாம். மாணவியரின் உயிரைப் பணயம் வைக்கத் தமக்கு உரிமை இல்லை என உணர்ந்தார். பள்ளி மூடப்பட்டது. மாணவியர் வீடு திரும்ப வேண்டும் என்னும் செய்தியை அவர்களிடம் கூறியவர் சாமுவேல் மே. அதனைக் கூறுகையில் காண்டர்பரியையும் தம் மாநிலத்தையும் எண்ணி நாணியதாக அவர் எழுதியுள்ளார்.

பதினேழு திங்கள் நடந்த பள்ளி அது. தோல்வி என்று சிலர் கூறலாம். அப்பள்ளி விதைத்தவை எவையென்று பார்த்தல் வேண்டும்.

விளைந்த பயன்

கறுப்புச் சட்டம் 1838இல் நீக்கப்பட்டது. டாகெட்டின் கருத்தை 1857ஆம் ஆண்டு டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் எடுத்தாண்டு, கறுப்பின மக்கள் குடிமக்கள் ஆகார் எனத் தீர்த்தது. அம்மையாரின் வழக்குரைஞர்கள் 1833இலேயே எழுப்பிய வாதமோ, உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தில் வெற்றி கண்டது. அந்நாட்டில் பிறந்த அனைவரும் குடிமக்களே என்று அத்திருத்தம் நிலைநாட்டியது.

மாணவியரும் வீண் போகவில்லை. சாரா ஹாரிஸ் மணம் புரிந்து, அடிமை ஒழிப்புப் பணியில் வாழ்நாள் முழுதும் ஈடுபட்டார். தம் மூத்த மகளுக்குப் புரூடன்ஸ் கிராண்டல் என்றே பெயரிட்டார். ஆசிரியைக்கும் மாணவிக்கும் கடிதத் தொடர்பு பல்லாண்டு நீடித்தது. சாராவின் தங்கை மேரி, போருக்குப் பின் நியூ ஆர்லியன்சில் விடுதலை பெற்ற மக்களுக்குக் கல்வி கற்பித்தார். ஜூலியா வில்லியம்ஸ் என்னும் மாணவி, நியூ ஹாம்ப்ஷயரில் இரு இனத்தாரும் ஒருங்கே படித்த நாயிஸ் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளிக் கட்டடத்தை 1835இல் ஊரார் மாடுகளைப் பூட்டி இழுத்து அகற்றிவிட்டனர். அதற்கும் அஞ்சாத அவர், கறுப்பினத் தலைவர் ஹென்றி ஹைலண்டு கார்னெட்டின் துணைவியாராகிப் பெரும்பணி ஆற்றினார்.

அம்மையார் 1834இல் கால்வின் ஃபிலியோ என்னும் பாதிரியாரை மணந்தார். பின்னர் மாநிலத்தை விட்டு நீங்கி, இல்லினாய் மாநிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்தார். கணவர் மறைந்த பின் கான்சஸ் மாநிலத்தின் எல்க் ஃபால்ஸ் என்னும் ஊரில் தம் தமையனுடன் எளிய வாழ்க்கை நடத்தினார். பெண்களின் வாக்குரிமைக்காகவும் குரல் கொடுத்தார். 1886ஆம் ஆண்டு காண்டர்பரி மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு விண்ணப்பிக்க, கனெக்டிகட் சட்டமன்றம் அவருக்கு ஆண்டுக்கு நானூறு டாலர் உதவித்தொகை வழங்கிற்று. எழுத்தாளர் மார்க் டுவெய்ன் அம்முயற்சிக்குத் துணை நின்றார். பழைய பள்ளி வீட்டையே வாங்கித் தரவும் அவர் முன்வந்தபோது அம்மையார் வேண்டாமென்றார். அத்தொகையையும் இரக்கத்தால் இடும் பிச்சையாகக் கருதாமல், மாநிலம் தமக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதாகவே கருதி ஏற்றார். 1890ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் தம் எண்பத்தாறாம் வயதில் இயற்கை எய்தினார். 1995இல் அவர் மாநில வீராங்கனையாக அறிவிக்கப்பட்டார். கல்லெறியுண்ட அவ்வீடு இன்று நினைவுக் காட்சியகமாக நிற்கின்றது.

துணை நிற்றலின் இலக்கணம்

அடிமை முறையை எதிர்த்த அமெரிக்கர்களின் தொண்டு நம் நாட்டிலும் எதிரொலித்தது. மகாத்மா சோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கே உரிமையாக்கினார். 1848இல் புனே நகரில் அவரும் சாவித்திரிபாய் அம்மையாரும் பெண்களுக்குப் பள்ளி திறந்தபோது, பாடம் நடத்தச் சென்ற சாவித்திரிபாய்மீது சாணமும் கல்லும் வீசப்பட்டன. இரு கண்டங்களிலும் கல்வியின் பகைவர்கள் கையிலெடுத்தவை ஒரே பொருள்களாய் இருந்தமை நம் சிந்தனைக்குரியது.

எனவே கிராண்டல் அம்மையாரின் வாழ்விலிருந்து, பிறர் விடுதலைக்குத் துணை நிற்பவர் எத்தன்மையர் என்பதை நாம் தெளிந்துகொள்ளலாம். முதலாவது, அவர் பாதிக்கப்பட்டோரின் சொல்லைக் கேட்பவர். சாராவுக்கு வேண்டுவது எது என்பதை அம்மையார் தாமாக முடிவு செய்யவில்லை. இரண்டாவது, விலை கொடுப்பவர். பிறர் துன்பத்திற்கு இரங்குவது எளிது. தம் பள்ளி, தம் பொருள், தம் ஊராரின் நன்மதிப்பு ஆகியவற்றை இழக்க நேரும்போதே ஒருவரின் தோழமை அளந்தறியப்படும். மூன்றாவது, தம்மால் இயன்றதைத் தருபவர். தந்தையார் தண்ணீர் தந்தார். வணிகர் பொருள் தந்தார். பாதிரியார் குரல் தந்தார். வழக்குரைஞர் வாதத் திறன் தந்தார். நான்காவது, எங்கே நிற்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று அறிந்தவர். தம் புகழுக்காக மாணவியரின் உயிரை அம்மையார் பணயம் வைக்கவில்லை.

இவ்விலக்கணத்திற்கு மாறானவரையும் இவ்வரலாறே காட்டுகின்றது. ஆண்ட்ரூ ஜட்சன் பின்னாளில் நீதிபதியானார். 'அமிஸ்டாட்' கப்பலில் வந்த ஆப்பிரிக்கர்களின் வழக்கு 1840இல் அவர் முன் வந்தபோது, அவர்கள் முறைகேடாக அடிமையாக்கப்பட்டவர்கள், தம் தாயகம் அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று தீர்ப்பளித்தார். கடலுக்கு அப்பால் அவர்கள் விடுதலையோடு வாழ்வதில் அவருக்குத் தடையில்லை. அண்டை வீட்டில் ஒரு கறுப்பினப் பெண் புத்தகம் திறந்து படிப்பதையே அவரால் பொறுக்க இயலவில்லை. தொலைவில் உள்ளோர்க்கு நீதி கேட்பவர் பலர். தம் தெருவில் நீதி கேட்பவர் எவர் என்பதைப் பார்த்தே நாம் நண்பரைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இவ்வளவுகோல் பிறரை அளப்பதற்கு மட்டும் உரியது அன்று. கல்வி கேட்டுக் கதவருகே நின்றவர்களின் மக்களாகிய நம்மில் பலர், இன்று கதவுக்கு உள்ளே இருக்கிறோம். ஆசிரியராய், எழுத்தராய், மருத்துவராய், அலுவலராய் அமர்ந்திருக்கிறோம். நமக்கும் பின்னே நிற்பவர்கள் உளர். துப்புரவுப் பணியாளரின் மகள், செங்கற் சூளையில் பெற்றோருடன் ஊர் ஊராய் அலையும் சிறுவன், சாதிச் சான்றிதழ் பெற இயலாமல் பள்ளியை விட்டு நின்றுவிட்ட பழங்குடிக் குழந்தை ஆகியோர் நம் வாயிலில் வந்து கேட்கும்போது, நம் பிள்ளைகளின் அருகே அவர்களை அமர்த்த நாம் தயங்குவோமாயின், காண்டர்பரி ஊராரைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லாது போகும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் மாணவர்களுக்குத் துணையாய் நின்று வருகின்றது. வரும் கல்வியாண்டின் சேர்க்கை தொடங்கும்போது, நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவுக்கு அப்பால் சென்று, பள்ளி நின்றுவிட்ட ஒரு குழந்தையையேனும் அழைத்து வந்து சேர்க்க முற்படுவாராக. அக்குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதை அதன் தாயிடமே கேட்டறிவாராக. கிராண்டல் அம்மையாரின் நினைவுக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் இதுவே ஆகும்.